பார்சலோனாவில் செத்தால் யார் வருவார்கள்?

இன்று மோர்னிங்சைட் தமிழ்க்கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, பென்ஷன் எடுத்துக்கொண்டு பார்சலோனாவுக்குப் போறியளாம், மெய்யே?"

"ஓம், வாற மாசம். கடற்கரைக்குக் கிட்ட லிஃப்ட் உள்ள சின்ன அப்பார்ட்மென்ட் ஒண்டு எடுத்திட்டன். இந்தக் குளிர் என்ர முழங்காலுக்குச் சரிவராது."

"உங்களுக்கென்ன விசரே? அங்க தனியச் செத்தா ஆர் வருவினம்? இங்கயெண்டா வியூவிங்குக்கு மண்டபம் நிறையச் சனம் வரும்."

உண்மைதான். முகம் தெரியாதவர்களின் உடலை வியூவிங்கில் பார்க்கக்கூட, வேலை முடிந்த கையோடு சீருடைக்கு மேல் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய் வரிசையில் நின்றவள் நான். நாளைக்கு எனக்கும் வருவார்கள் என்ற நினைப்பு.

"தம்பி, போன மாசி முழங்கால் ஒப்பரேஷன் செய்து, ஆறு கிழமை என்ர மல்வேர்ன் வீட்டில தனியக் கிடந்தன். தெரியுமோ?"

"ஐயோ, தெரியாதக்கா. ஆரும் சொல்லேல்லையே."

சொல்லித்தான் இருந்தேன். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நானே எழுதினேன். வரிசையாகக் கும்பிடுகிற கைகள் வந்து விழுந்தன. அவருடையதும் அதில் இருந்தது. கதவைத் தட்டத்தான் ஒரு கையும் வரவில்லை.

நான் செத்தால் மட்டும் அரை மணித்தியாலத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஆகவே, என் வியூவிங்குக்கு வர இருந்தவர்களுக்கு ஓர் அறிவித்தல். வருகிற சனிக்கிழமை பின்னேரம் நான் உயிரோடு வீட்டில்தான் இருப்பேன். தேத்தண்ணி தருவேன். வருகிறவர்கள் இந்தப் பதிவின் கீழே பெயரைப் போடுங்கள்.

கும்பிடுகிற கையை மட்டும் போடவேண்டாம்.