ரயில் பெட்டியில் தொங்கிய தூளி

போன வாரம் கிண்டியில் எங்கள் தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் வந்தது. அடியில் கொடுக்க, தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து ரயில்வேயில் கழித்துவிட்ட ஸ்லீப்பர் கட்டைகளை லாரியில் கொண்டுவந்து போட்டார்கள். வெயில் ஏற ஏறக் கட்டைகளிலிருந்து தார் எண்ணெய் வாசனை கிளம்பியது. வரைபடத்தைப் பார்த்து அளவு சொல்ல வேண்டிய நான் சும்மா நின்றேன். "இன்னா மேடம், எந்தப் பக்கம் வெக்கணும்?" என்று ஃபிட்டர் இரண்டு தரம் கேட்டாராம்.

எனக்கு அது தனத்தின் வீட்டு வாசனை.

தனத்தின் வீடு ஒரு ரயில் பெட்டி. மாம்பலத்தில் எங்கள் கொல்லைச் சுவருக்கு அப்பால், ஓடித் தேய்ந்த மரப்பெட்டிகள் சிலவற்றைப் பக்கத் தண்டவாளத்தில் நிறுத்தியிருந்தார்கள். பாதையைப் பழுது பார்க்கும் கேங்மேன்களின் குடும்பங்கள் அவற்றில் குடியிருந்தன. வேலை முடிந்ததும் எஞ்சின் வந்து வீடுகளை அடுத்த ஊருக்கு இழுத்துப் போகும். வீட்டை விற்பார்கள், வாடகைக்கு விடுவார்கள் என்று தெரியும். இழுத்துக்கொண்டு போவார்கள் என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

தனமும் நானும் ஐந்தாம் வகுப்பு. தண்ணீருக்கு அவள் எங்கள் குழாயடிக்கு வருவாள். திரும்பும்போது குடத்தோடு நானும் போவேன். பட்டியல் போடும் வியாதி அப்போதே உண்டு. பலகை ஜன்னல், பெஞ்சைக் கழற்றிய இடத்தில் அடுப்பு, மூட்டை வைக்கும் கம்பியில் பழைய புடவைத் தூளி, அதில் தனத்தின் தம்பி. கதவுக்கு மேல் 'எட்டுப் பேர் அமர' என்று தேய்ந்த எழுத்து. இருப்பது நாலு பேர், ஆகையால் பாதி வீடு காலி என்று கணக்குச் சொன்னேன். "அப்ப நீயும் வந்து குந்திக்க, கணக்கு டீச்சரம்மா" என்று சிரித்தார் தனத்தின் அம்மா முனியம்மா.

பக்கத்துப் பாதையில் மின்சார ரயில் போனால் பெட்டி அதிரும். தூளி தானாக ஆடும். "பாத்தியா, எம்புள்ளைக்கு ஆட்டி விட கவருமெண்டு ஆளு போட்டுகீது" என்பார் முனியம்மா.

அந்த மழைக்காலத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்கள் வெறும் கையோடு திரும்பினார்கள்.

முனியம்மா தூளியை அவிழ்க்கவில்லை. வெறும் தூளி ஆடினால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். ரயில் சத்தம் கேட்டால் போதும், செய்துகொண்டிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிப்போய் இரு கையாலும் அதைப் பிடித்துக்கொள்வார். மாம்பலத்தில் ரயில் எவ்வளவு அடிக்கடி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. சோறு குழையும், பால் பொங்கும். இனி எந்தப் பிள்ளைக்கு என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. திருநெல்வேலிக்காரியான என் அம்மா மட்டும், "அவுத்துரும்மா, மனசு கொஞ்சம் ஆறும்லா" என்றாள்.

வேலை முடிந்து எஞ்சின் வந்தது. உள்ளே ஆட்கள் இருப்பதற்கு அடையாளமாகப் பெட்டிகளின் முன்னால் தண்டவாளத்தில் சிவப்புக் கொடி நட்டிருக்கும்; அதை எடுக்காமல் எஞ்சின் நெருங்கக் கூடாது. எடுக்க வேண்டியவர் தனத்தின் நைனா.

"அவுத்துடு புள்ளே. இழுத்தா ஆடத்தான் செய்யும்" என்றார் அவர்.

"ஆடாம இழுக்கச் சொல்லு."

அவர் கொடியை எடுக்காமலே டிரைவரிடம் நடந்தார். "இன்னாபா, கொடிய புடுங்குன்னா கத பேச வந்துகினுகீற?" என்று மேலிருந்து சத்தம் வந்தது. நைனா ஏதோ சொன்னார். டிரைவர் இறங்கி வந்தார். கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். எஞ்சினுக்குத் திரும்பிப் போனார். நைனா கொடியைப் பிடுங்கினார். எஞ்சின் வந்து பெட்டியைத் தொட்டது தெரியவே இல்லை.

நின்ற பெட்டி நகரும்போது தொங்கும் பொருள் பின்தங்கும். எந்த டிரைவராலும் அதைத் தடுக்க முடியாது. டிப்ளமோவில் அதற்குச் சூத்திரம்கூட எழுதி மதிப்பெண் வாங்கினேன்.

நான் சுவரோரம் நின்று கையை ஆட்டினேன். தனம் ஜன்னல் வழியே என்னைப் பார்த்தாள். பதிலுக்கு ஆட்டவில்லை. அந்தப் பக்கம் முனியம்மாவின் கைகள், இந்தப் பக்கம் அவள் கைகள். நான்கும் தூளியில் இருந்தன.

இப்போது அந்தப் பக்கத் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். கேங்மேன்கள் காலையில் லாரியில் வருகிறார்கள், சாயங்காலம் போய்விடுகிறார்கள்; பெண்டு பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ. பழைய பெட்டிகளை உடைத்து விறகுக்கு விற்றுவிட்டதாகக் கேள்வி. உடைக்கும் முன் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். முனியம்மாவின் தூளியை அன்று யார் அவிழ்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது.