தூணில்லாத குப்பா

ஒருவர் பேச்சை இன்னொருவர் பாஷையில் எடுத்துச் சொல்லும் துபாஷி வேலையில் சொன்னவர் "நான் சொன்னது இவ்வளவுதானா?" என்பார், கேட்டவர் "இதை நீயா சேர்த்தே?" என்பார். அந்த வேலையில் கிடந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பினாங்கில் எங்கள் பள்ளிவாசலைப் புதிதாகக் கட்டியபோது, இங்கிலீஷ் எஞ்சினியர் துரைக்கும், நிர்வாகி மரைக்கார் மாமாவுக்கும், சீனத் தச்சர் ஆ ஹெங்குக்கும் நடுவில் நான் நின்றேன். என் குரலோ பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும்.

டில்லிப் படம்

துரை வரைபடத்தை மேசையில் விரித்தார். டில்லியில் சுல்தான்கள் கட்டிய பழைய பள்ளிவாசல்களைப் பார்த்துப் போட்டது. இமாம் நிற்கும் இடத்தையொட்டிக் கவிழ்த்த கிண்ணம் போன்ற கூரையாகப் பெரிய குப்பா, அதன் அடியில் ஒரு தூண்கூட இல்லை. கூரையின் பாரம் வளைவுகள் வழியாக இறங்கிச் சுவருக்குப் போய்விடும் என்றார். அப்படியே சொன்னேன்.

மரைக்கார் மாமா காயல்பட்டணத்துக்காரர். அங்கே பழைய பள்ளிகளுக்குத் தட்டைக் கூரை, வரிசை வரிசையாகக் கல்தூண். கோயில் கட்டிய கைகளே அவற்றையும் செதுக்கினவாம். சிலை வரவேண்டிய இடத்தில் பூவும் கொடியும். என் அம்மாவைப் பெற்ற நன்னா சொன்ன கதைகளில் நானும் அந்தத் தூண்களுக்கிடையே ஓடியிருக்கிறேன். மாமா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் அழகாத்தான் இருக்கு தம்பி. தூணை எங்கே மறந்தாருன்னு துரைகிட்ட கேளு."

கட்டைக்குக் கடிகாரம்

மற்ற நிர்வாகிகளுக்குக் குப்பா பிடித்துப்போனதால் வேலை நடந்தது. செங்கலும் சுண்ணாம்பும் இறுகும்வரை தாங்க, ஆ ஹெங் சாரம் கட்டி நடுவே பெரிய முட்டுக்கட்டை ஒன்றை நிறுத்தியிருந்தார். பிறகு சாரம் இறங்கியது. கட்டையை மட்டும் மாமா எடுக்க விடவில்லை. ஒரு நாள் பார்த்தால் அதற்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. அடுத்து, தொழுகை நேரம் பார்க்கும் கடிகாரமும் அதில் ஏறிவிட்டது.

துரையின் முகம் சிவந்தது. கட்டையைத் தளர்த்தியாகிவிட்டது, அதன் தலைக்கும் குப்பாவுக்கும் நடுவே கையே நுழையும், அது எதையும் தாங்கவில்லை என்றார். நான் சொன்னதை மாமா பொறுமையாகக் கேட்டார். "தாங்கலேன்னா எதுக்கு எடுக்கணும்? அது பாட்டுக்கு நிக்கட்டுமே."

ஆலிம்சா வந்து பார்த்தது

நோன்புப் பெருநாள் தொழுகை புது மண்டபத்தில்தான் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. கட்டை போகாவிட்டால் நான் போகிறேன் என்று துரை நின்றார். அவர் போனால் பாங்கு சொல்லும் மினாரா கோபுரம் பாதியில் நின்றுவிடும். கட்டை போனாலோ உள்ளே ஆள் வராது. மாமாவின் பயம் அதற்குள் பாதி ஊருக்குத் தொற்றியிருந்தது.

இருவருக்கும் நடுவே நடந்து ஓய்ந்துபோய், இமாம் ஆலிம்சாவிடம் முறையிட்டேன். அவர் வந்து பார்த்தார். கட்டை முன்வரிசையில், அவர் தொழவைக்கும் இடத்துக்கு நேர் பின்னால் நின்றது. மாமாவிடம் மெதுவாகச் சொன்னார்: "வரிசையில நிக்கிறதெல்லாம் தொழணும் மரைக்கார். இது தொழாது."

ஆ ஹெங் உட்கார்ந்த இடம்

மாமா ஒத்துக்கொள்ள, மறுநாள் ஆ ஹெங் கட்டையைச் சாய்த்தார். வாசலில் எட்டிப் பார்த்த கூட்டம் சட்டென்று பின்வாங்கியது. அவரோ குப்பாவுக்கு நேர் கீழே உட்கார்ந்து, நிதானமாக ரம்பத்துக்கு அரம் போடத் தொடங்கினார். பயமில்லையா என்று மாமா கேட்கச் சொன்னார். மலாயில் கேட்டேன். அவர் நிமிரவேயில்லை. "விழுந்தா எனக்குத்தான் முதல்ல தெரியும்லா. அப்ப வந்து சொல்றேன்."

பெருநாள் காலை

கூட்டம் வந்தது. வந்தவர்களில் பலர் சுவர் ஓரமாகவே ஒட்டி நின்றார்கள். முன்வரிசை இருபுறமும் நிரம்பியும், குப்பாவின் நடுவுக்கு நேர் கீழே மட்டும் இரண்டு ஆள் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. வரிசையில் இடைவெளி விட்டுத் தொழும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஆலிம்சா திரும்பி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் அசையவில்லை, தொழுகையும் தொடங்கவில்லை.

கடைசியில் மரைக்கார் மாமா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அங்கே நின்றார். பின்னால் வரிசைகள் மளமளவென்று சேர்ந்தன. எங்கள் நெற்றி தரையில் இருந்த நேரத்தில் வெளியே டிராம் தடதடவென்று போனது. ஒன்றும் விழவில்லை. தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் மாமா தலையைப் பின்னால் சாய்த்து நன்றாக மேலே பார்த்தார். "துரைகிட்ட சொல்லு தம்பி, காத்து நல்லா வருது. தூண் இருந்தா மறைச்சிருக்கும்."

மூன்று பாஷையில் மாதக்கணக்காகப் பேசியும் நான் ஒருவரைக்கூட ஓர் அடி நகர்த்தியதில்லை; வரிசையில் விட்டுப்போன ஒரு சின்ன இடம் வாயே திறக்காமல் ஊரையே நகர்த்திவிட்டது.