ரயிலுக்கு ஒரு பாடு

பொன்னேரியில் ரயிலேறிச் சென்னைக்கு இறால் விற்கப் போய்வந்த பெண்களோடுதான் அந்தக் காய்ச்சல் எங்கள் ஏரிக்கரை ஊரான கோட்டைக்குப்பத்துக்குள் நுழைந்தது. இருவர் இறந்தபின், இனி எவரும் பட்டணம் போகக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேச்செழுந்தது. என் தாயின் பிழைப்பே அந்த இறால்கூடைதான். கல்லூரியில் நோய்ப்பரவலைக் கணக்கிடப் பயின்றவள், மேடைகள் பல வென்றவள் என்ற மிடுக்கோடு நான் எழுந்தேன்.

ஏரியில் யார் எந்த நாளில் வலைவிடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பாடு பிரிக்கிறோமே, பயணத்தையும் அவ்வாறே பிரிப்போம் என்றேன். ஒரு முறைக்கு ஒரு தெருவே எல்லார் இறாலையும் கொண்டுபோகட்டும். பிற தெருக்களோடு கலவாதிருக்கட்டும். நோய் வந்தாலும் அத்தெருவோடு நிற்கும்.

"இன்னாம்மா, ரயிலுக்கும் பாடா?" என்றார் ஒரு மாமா.

"தண்ணிக்குப் போட்டா தண்டவாளத்துக்குப் போடக்கூடாதா மாமா?"

சிலர் சிரித்தனர், ஊர் இசைந்தது.

முதல் பாடு எங்கள் தெருவுக்கு விழுந்தது.

"வேற தெருவுக்கு வுழுந்திருந்தா, நல்லா பேசினேன்னு சொல்லியிருப்பேன்" என்றார் நைனா.

அம்மா கூடையைக் கழுவினாள். மறுநாள் எதிர்த்தெருவினர் ஒதுங்கி வழிவிட, அவள் பொன்னேரி ரயிலடிக்குப் பேருந்தேறினாள். இரண்டாம் கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன்.