மாடிக்கு அனுப்பிய அக்கா

மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலின் சலவைப் பிரிவில் நான் வேலை பார்த்தபோது, எங்களுக்கு சூப்பர்வைசராக ஓர் அக்கா இருந்தார். ஒல்லியான உடம்பு, சோப்பில் வெளுத்த விரல்கள். காலையில் வருகிறவர்களின் முகத்தை முதலில் பார்ப்பார். வேலையைப் பிறகுதான் சொல்வார். முகம் வாடியிருந்தால் துணி உலர்த்த மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுவார்.

வேறு ஓட்டலில் எனக்கு அதிகச் சம்பளம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேலையை விடப்போவதாகச் சொல்லத்தான் ஒரு நாள் காலை அக்காவிடம் போனேன்.

"இன்னாடி, நைட்டு தூங்கலயா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"நல்ல எடம்னா போ, நா தடுக்க மாட்டேன். இப்ப மேல போய் கொஞ்சம் காத்து வாங்கு."

மாடியில் ஈர விரிப்புகள் உப்பி உப்பி எழுந்தன. அவற்றுக்கு நடுவே கடலும் வானமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எவ்வளவு நேரம் நின்றேனோ! கீழே வந்ததும் போன் செய்து, நான் வரவில்லை என்று அந்த ஓட்டலுக்குச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். "இங்க மொதல்ல மூஞ்சியப் பாக்குறாங்க, அப்பறம்தான் வேல சொல்றாங்க" என்றேன்.