ஊறுகாய் பாட்டிலில் ஒரு சாட்சி

அத்தையின் இடது முழங்கைக்கு மேலே எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி இருந்தது. தொட்டால் தோலுக்கடியில் வழுக்கி ஓடும். எட்டு வயதில் எனக்கு அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் கிடைக்கவில்லை.

அது வெறும் கொழுப்புக் கட்டி, பயமில்லை, வேண்டுமானால் எடுத்துவிடலாம் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருந்தார். கூடவே கூடாது என்றார் அப்பா. அத்தைக்கு அவர் தம்பி. ஆனாலும் அதிகாரம் அவருடையது. அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. குத்தகைதாரர்களைப் பதியச் சொல்லி சர்க்கார் உத்தரவு வந்தபோது, மாமா இறந்த பிறகு மிராசுதாரின் ஒன்றரை ஏக்கரைத் தனியாகச் சாகுபடி செய்துகொண்டிருந்த அத்தையும் போய்ப் பதிந்தாள். நாற்றுப் பறித்தே தேய்ந்த பெருவிரலில் ரேகை விழவில்லை. குமாஸ்தா நாலு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு, ‘இடது கையில் கட்டி’ என்று அடையாளம் எழுதிக்கொண்டார். பதிந்தவள் வேறு யாரோ, இவள் வெறும் கூலியாள் என்று மிராசுதார் ஆட்சேபணை போட்டார். கட்டி போனால் நிலமும் போகும் என்பது அப்பாவின் சட்ட ஞானம்.

விசாரணை தள்ளிக்கொண்டே போனது. கட்டியும் வளர்ந்துகொண்டே போனது. அந்த அறுப்பில் கதிர்க்கட்டைத் தூக்க அத்தையால் முடியவில்லை.

“கை விளங்காம நிலத்த வச்சுக்கிட்டு என்ன பண்றது?” என்று என்னிடம் மட்டும் கேட்டாள். மறுநாள் அப்பாவுக்குத் தெரியாமல் இருவரும் தஞ்சாவூர் பஸ் ஏறினோம்.

மரத்துப்போக ஊசி போட்டு அரை மணியில் எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு அத்தை, காலியான ஊறுகாய் பாட்டிலை நர்ஸிடம் நீட்டினாள்.

“அத இதுல போட்டுக் குடுங்கம்மா. அது என் சொத்து.”

டாக்டர் சிரித்துக்கொண்டே ஸ்பிரிட் ஊற்றிக் கொடுத்தார். அத்தை விடாமல் கேட்டதால், கட்டியை எடுத்ததாக ஒரு சீட்டும் எழுதித் தந்தார். அப்பாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

விசாரணையன்று, குத்தகை அளக்கப் போகும்போதெல்லாம் அத்தையை நிற்கவைத்தே பேசும் மிராசுதாரின் காரியஸ்தர் அவள் கையைக் காட்டி, “கட்டி எங்க சார்? இது வேற பொம்பள!” என்றார்.

அத்தை பாட்டிலை எடுத்து அதிகாரியின் மேசைமேல் வைத்தாள்.

“இந்தா இருக்குங்க. உப்பு, காரம் மட்டும் போடல.”

அதிகாரி நாற்காலியைச் சட்டென்று பின்னுக்குத் தள்ளினார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். “உட்காருங்கம்மா” என்று எதிர் நாற்காலியைக் காட்டிவிட்டு, சீட்டைப் படித்தார், தழும்பைப் பார்த்தார். கட்டி என்பதை அடித்துத் தழும்பு என்று எழுதி, பதிவு செல்லும் என்று கையெழுத்துப் போட்டார். ஜெயித்துவிட்டோம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் நிற்கும் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லத் துடித்தேன்.

அத்தை எழுந்திருக்கவில்லை. சுவரோரம் நின்றுகொண்டிருந்த காரியஸ்தரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வா அத்தை, பஸ் போயிடும்” என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

“இருடி. இன்னும் செத்த நேரம் உக்காந்துட்டு வரேன்.”

பாவம், கால் வலிக்கிறதாக்கும் என்று நினைத்து, நான் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டேன்.