இரண்டு முறை கூப்பிட்ட ரிசீவர்

போன வாரம் திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, என் வீட்டு ஹாலில் இருக்கும் ஸ்டீரியோ ரிசீவர் என்னைக் கூப்பிட்டது.

சிரிக்காதீர்கள். இந்தப் பத்தியில் பேய் பிசாசுகளை எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தைரியசாலிதான் இதையும் எழுதுகிறேன்.

முதலில் ரிசீவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் பழைய மாடல். வெள்ளி நிற முகம், கனமான ட்யூனிங் குமிழ், பச்சை வெளிச்சத்தில் நகரும் முள்... தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊரில் மரியாதையாக 'முசே' என்று அழைக்கப்படும் பிரெஞ்சு பென்ஷன்காரர் ஒருவருடையது. அவர் இறந்த பிறகு பாரிஸிலிருந்து வந்த மகள் வீட்டைக் காலி செய்தபோது, போன மாதம் வாங்கி வந்தேன்.

"செத்தவங்க வீட்டுச் சாமான்... வாணாம்னு சொன்னா கேக்கறீங்களா?" என்றாள் என் மனைவி கற்பகம். நான் கேட்கவில்லை. ஸ்பீக்கர் ஒயரை மாட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை, உள்ளூர் எஃப்.எம்.மிலிருந்து முள்ளைச் சும்மா இடது கோடிக்கு நகர்த்தினேன். ஸ்டேஷனே இல்லாத இடம். 'உஸ்' என்று இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து... இரண்டு ஸ்பீக்கரும் மூச்சு விட, நான் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஓர் ஆணின் குரல். பாதி குரல், பாதி காற்று.

"இந்தா..."

கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு முறை. "இந்தா..."

பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால், வேறு யாரையோ என்று விட்டிருக்கலாம். எங்கள் பக்கத்தில் கட்டியவளை 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். காதில் விழுகிற எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டியதுதான்.

கற்பகம் கரண்டியோடு ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள். "ஏன்னு கேட்டுடாதீங்க! மூணு தரம் கூப்புட்டாத்தான் மனுஷன். ரெண்டோட நின்னா அது வேற. அதுவும் உச்சி வேளையில..." என்றபடி ரிசீவரை ஆஃப் செய்தாள். "முசேதான் கூப்புடறாரு."

"பிரெஞ்சு பேசுன மனுஷன் 'இந்தா'ன்னா கூப்புடுவாரு?"

"செத்தப்புறம் என்னா பிரெஞ்சு? எல்லாம் தமிழ்தான்."

செவ்வாய்க்கிழமையும் அதே நேரம், முள் அதே இடத்தில். "இந்தா..." இரண்டு முறை. இந்தத் தடவை ஆஃப் செய்யாமல் மூன்றாவதுக்குக் காத்திருந்தோம். மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது வரவேயில்லை. கற்பகம் பிளக்கையே பிடுங்கிவிட்டு, ரிசீவருக்குக் கற்பூரம் காட்டினாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை அந்தப் பக்கமே போகவில்லை. வியாழக்கிழமை கற்பகம் அரியாங்குப்பத்துக்குத் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வீட்டில் நானும் அதுவும். பிளக்கைச் செருகினேன். ஏன் என்று கேட்காதீர்கள்... ஆறுகிற புண்ணைச் சொறியாமல் யாரால் இருக்க முடிகிறது?

மூச்சு இப்போது வேகமாக இருந்தது. "இந்தா..." என்றது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, "இந்தா... வுழுந்துட்டேன்."

செத்தவர் எப்படி விழுவார்?

அந்த நேரம் பார்த்து பிள்ளைச்சாவடி மீன்காரம்மா தெருவுக்குள் வந்தார். "சங்கரா... நெத்திலீ..." என்ற குரல் ஜன்னல் வழியாக வந்தது. அதே குரல், அதே நொடி, ஸ்பீக்கர் வழியாகவும் வந்தது. அதற்கப்புறம்தான் புத்திக்கு எட்டியது. பெட்டிக்குள் பேசுகிற ஆள் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். உயிரோடு.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். நாங்கள் இருப்பது கோரிமேட்டில். பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் வீடு எங்கள் பக்கத்து வீடு. இப்படி மூச்சு வாங்குகிற ஆள் அங்கேதான் இருக்க முடியும். கீழ் அறைக் கதவைத் தள்ளினேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவர் கிடந்தார். நெஞ்சில் கட்டு, கழுத்தில் சின்னதாக ஒரு மைக். உதடு நீலம் பாரித்திருந்தது. மீன்காரம்மா கூடையை இறக்கிவிட்டுக் கை கொடுக்க, இரண்டு பேருமாக ஆட்டோவில் ஏற்றினோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். இரண்டே நாளில் அறைக்கும் திரும்பிவிட்டார்.

நானும் கற்பகமும் பார்க்கப் போனோம். திண்டிவனம் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் மனைவி லட்சுமிதான் விஷயத்தைச் சொன்னார். ஊரில் மைக் செட் வைத்திருக்கும் அண்ணன், எஃப்.எம்.மில் கேட்கிற மாதிரி ஒரு கார்டுலெஸ் மைக் கொடுத்திருக்கிறார். அதைக் கணவர் கழுத்தில் மாட்டிவிட்டு, லட்சுமி பின்கட்டில் துணி துவைக்கும்போது அவர் கூப்பிட்டால் கேட்கும்படி, பட்டன் போனில் ரேடியோவை வைத்துக் காதில் மாட்டிக்கொள்வார். வியாழக்கிழமை கணவர் தூங்குகிறாரே என்று, மருந்து வாங்க ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றிருக்கிறார்.

"ஏம்மா, அவரு ரெண்டு தரம்தான் கூப்புடுவாரா?" என்று கேட்டேன்.

"நொரையீரல் ஆப்ரேசன் சார். ரெண்டு தரம் கூப்ட்டாலே எளப்பு வந்துரும். மூணாவதுக்கு மூச்சு ஏது?"



லட்சுமி நிறுத்தவில்லை. "செவ்வாக்கெழம என் போன்ல சார்ஜ் இல்ல. தண்ணிக்குக் கூப்ட்டிருக்காரு, எனக்குத் தெரியல. ஒரு மணி நேரம் நாக்கு வறண்டு கெடந்தாரு. யார் காதுலயும் வுழல பாருங்க..."

இரண்டு பேர் காதில் விழுந்தது. அவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கற்பூரம் காட்டினார்கள். இதை லட்சுமியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இப்போது பகல் முழுக்க எங்கள் ரிசீவரின் முள் அந்த இடது கோடியில்தான் நிற்கிறது. முதல் 'இந்தா'வுக்கே, "தோ வரேண்ணே" என்று கற்பகம் சொம்போடு ஓடுகிறாள்.

எனக்குத்தான் அந்த மூச்சைக் கேட்கும்போதெல்லாம் ஒரு யோசனை. கட்டிலில் கிடந்தபடி அவர் கூப்பிடக் கூப்பிட, பதிலே சொல்லாமல், சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இரண்டு உருவங்கள் கேட்டுக்கொண்டிருந்தன...

இதில் பேய் யார்?