கற்றாழைப் பாகும் அப்பாவின் வலது கண்ணும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அப்பாவின் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று கண் டாக்டர் சொன்னார். சுகரைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் ஆபரேஷன் என்றும் சொன்னார்.
2. நான் ஆன்லைனில் ஒரு பாட்டில் அகாவே சிரப், அதாவது கற்றாழைப் பாகு, வாங்கினேன். சீனிக்குப் பதிலாக.
3. வீட்டிலிருந்த சீனியும் கருப்பட்டியும் பரணுக்குப் போயின.
4. சுகர் மீட்டர் ஒரு வாரம் நல்ல எண்களைக் காட்டியது.
5. பிறகு காட்டவில்லை.
6. காரணத்தைத் தேடிப் போனேன். ஒன்றுக்கு நாலு கிடைத்தது.
7. ஆபரேஷன் தள்ளிப்போனது.
8. பிறகு நடந்தது.

இந்த எட்டில் எது எதனால் நடந்தது என்று கேட்டால் என்னிடம் இன்னமும் தெளிவான பதில் இல்லை. முத்தையாபுரம் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதி ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இறால் சாம்பிளில் ஏதாவது தப்பாக வந்தால், தண்ணீரா, ஐஸா, கையுறையா என்று ஒவ்வொன்றாக விலக்கிக் காரணத்தைப் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டில் அந்த வழி பலிக்கவில்லை.

அப்பாவுக்கு ஊருக்குள் ஒரு மக்ரூன் கடை இருக்கிறது. முன்பக்கம் கண்ணாடி ஜாடிகள், பின்பக்கம் அடுப்பு. முட்டையின் வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரை நிற்கும்வரை அடித்து, முந்திரித் தூள் கலந்து, தட்டில் கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் வெகுநேரம் காயவிட்டு எடுப்பார்கள். மூன்றே சாமான் என்பதால் எது பிசகினாலும் வாயில் தெரிந்துவிடும். பக்குவம் தெரிவது நிறத்தில்; வெள்ளை லேசாக மஞ்சளிக்க வேண்டும். அப்பா அடுப்புக் கதவைத் திறந்து கூம்பின் நுனியைப் பார்த்து "எடு" என்பார். மாஸ்டர் தட்டை வெளியே இழுப்பார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த "எடு" அப்பாவுடையது. இடது கண்ணிலும் புரை தொடங்கியிருந்த நிலையில், வலது கண் சரியாகாவிட்டால் அவர் அடுப்பை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நான் அந்தப் பாட்டிலை வாங்கினேன்.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல போட்டிருக்க படம் ரயில் ரோட்டு ஓரத்துல நிக்குமே, அந்த ஆனக்கத்தாழலா?"

"அதோட சொந்தக்காரச் செடிம்மா. மெக்சிகோவுல வளருது."

"அது மேல பட்டாலே அரிக்கும். வேலிக்கு நட்டு வைக்கத உள்ளுக்குக் குடிக்கச் சொல்லுதியா?"

"அடித்தண்ட வேகவச்சு சாறு எடுத்துக் காய்ச்சுதாங்க. பதனி காய்ச்சுத மாதிரிதான்."

அப்பா காப்பித் தம்ளரோடு வந்து நின்றார். அவருக்குச் சொந்த ஊர் கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி. "பதனியக் காய்ச்சினா கருப்பட்டி. அப்பம் அத என்னத்துக்கு ஏளா பரண்ல போட்டே?"

நியாயமான கேள்வி. கருப்பட்டியில் இருப்பது பெரும்பாலும் சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ். கற்றாழைப் பாகில் பெரும்பங்கு ஃப்ரக்டோஸ். அது சீனி அளவுக்கு வேகமாக ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றாது. அதற்காக அது இனிப்பே இல்லை என்று ஆகிவிடாது. கல்லீரலுக்குப் போகும், அளவு மீறினால் கொழுப்பாக மாறும். இவ்வளவையும் நிதானமாகச் சொன்னேன். அப்பாவின் காதில் விழுந்தது நடுவில் இருந்த ஒரு வரி மட்டும்.

"ஏறாதுன்னா சரி," என்று தம்ளரில் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். ஒரு வாய் குடித்துவிட்டு, "தேனுக்குத் தங்கச்சி. ஆனா அக்கா மாதிரி வராது," என்றார்.

வேலிச் செடி என்று பயந்த அம்மா, நாலைந்து நாளில் அதைச் சேமியாப் பாயசத்துக்கும் ஊற்ற ஆரம்பித்திருந்தாள். அந்த வாரம் மீட்டர் நல்ல எண்களைக் காட்டியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் குழப்பம் அங்கேயே தொடங்கியது. மீட்டர் அளப்பது குளுக்கோஸை. ஃப்ரக்டோஸ் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. எண் குறைந்திருக்கிறது என்றால் அப்பா நன்றாக இருக்கிறார் என்று அர்த்தமா, இல்லை மீட்டருக்குத் தெரியாத இனிப்பைக் குடிக்கிறார் என்று அர்த்தமா? எண்ணைப் பார்த்துவிட்டு அப்பா மூன்றாவது கரண்டி ஊற்றும்போது என்ன சொல்லித் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. குறைகிறதே என்பார். குறையத்தான் செய்தது.

அப்புறம் ஏறியது. வெறும் வயிற்றிலும் ஏறியது, சாப்பிட்ட பிறகும் ஏறியது.

சந்தேகப்பட வேண்டியவற்றை வரிசையாக மனதில் எழுதிக்கொண்டேன். பாட்டிலில் கலப்படம். கரண்டியின் எண்ணிக்கை. விட்டுப்போன மாத்திரை. வெளியே எங்கேயோ சாப்பிடுவது. பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்துப்போய் ஆய்வகத்துக் கருவியில் வைத்துப் பார்த்தேன். எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அது சொன்னது, என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லவில்லை. கரண்டி மூன்றைத் தாண்டவில்லை, எண் குறைந்தபோதும் அதே மூன்றுதான். மாத்திரையை அம்மா கையாலேயே எடுத்துக் கொடுக்கிறாள். மிச்சம் இருந்தது கடைசிச் சந்தேகம். ஒரு விடுப்பு நாளில் கடையின் பின்பக்கம் போய் நின்றேன்.

தட்டு வெளியே வந்தது. அப்பா ஓரத்திலிருந்து ஒரு மக்ரூனை எடுத்து உடைத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நடுவிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதற்குப் பிறகு மூலையிலிருந்து ஒன்று.

"அப்பா, என்ன செய்யுதிய?"

"ருசி பாக்கேன்."

"இது மூணாவது."

"ருசி பாக்கதுல என்ன கணக்கு? நான் மக்ரூன் தின்னு வருஷமாச்சு. வேணும்னா மாஸ்டர்ட்ட கேளு."

மாஸ்டர் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "ஆமாம்மா. அண்ணாச்சி தின்னு நான் பாத்ததே இல்ல."

அப்பா பொய் சொல்லவில்லை. சுகர் டாக்டரிடம் "இனிப்பத் தொடுறதே இல்ல" என்று சொன்னபோதும் இதே முகம்தான். தின்பது என்றால் உட்கார்ந்து, தட்டில் வைத்து, ஆசைப்பட்டுத் தின்பது. இது வேலை. வேலைக்குள் போகிற சீனி அவர் உடம்புக்குள் போவதாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

"தட்டுக்கு ஒண்ணுதானப்பா பாப்பிய?"

"இப்பம் ஒண்ணுல சொல்ல முடியல. நிறம் வந்துருக்கு, உள்ள பிசுபிசுங்குது. காத்துல ஈரம். அதான் ரெண்டு மூணு பாக்க வேண்டியிருக்கு."

மழைக்காலம். கடல் பக்கத்து ஊர். காற்றில் ஈரம் என்று அவர் சொன்னதை நான் நம்பினேன். பல்லில் ஒட்டுகிறது என்று கடைக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததும் அதோடு பொருந்தியது.

ருசி பார்ப்பதை நிறுத்தச் சொல்ல முடியாது என்பதால், ருசி பார்க்கிற பண்டத்தை மாற்றலாம் என்று தோன்றியது. கற்றாழைப் பாகில் ஒரு சின்னத் தட்டு மக்ரூன் போட்டுப் பார்த்தோம். பாகில் தண்ணீர் இருக்கிறது, நுரை நிற்காது என்று எனக்கு முன்னமே தெரியும். இருந்தும் போட்டேன். கூம்புகள் தட்டில் விழுந்த உடனே படுத்துக்கொண்டன. உள்ளே வேகும் முன்பே மேலே சிவந்து, எடுக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

"அண்ணாச்சி, இத அப்பளம்னு சொல்லி வித்துருவோமா?" என்றார் மாஸ்டர்.

அப்பா சிரிக்கவில்லை. ஒரு துண்டைப் பிய்த்து மரியாதையாகச் சுவைத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏளா, இத ருசி பாத்து அதப் பத்தி நான் எப்படிச் சொல்ல? சீனி சரியா கரைஞ்சிருக்கான்னு பாக்கத்தான் வாயில போடுதேன்."

சீனிக்கு மாற்று என்று தேடியபோதெல்லாம் காப்பியைத்தான் நினைத்திருந்தேன். சீனியையே சோதிக்கிற ஒருவருக்கு எதை மாற்றாகக் கொடுப்பது?

இந்தக் குழப்பத்திலேயே ஆபரேஷன் நாள் வந்தது. காலையில் ரத்தம் எடுத்தார்கள். எண் எல்லையைத் தாண்டியிருந்தது. கண் டாக்டர் கோபப்படவில்லை, வேறு நாள் கொடுத்தார். ஆட்டோவில் வரும்போது அப்பா வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன தெரிந்திருக்குமோ. வீட்டுப் பக்கம் வந்ததும் சொன்னார்: "கத்தாழ ஏமாத்திட்டு."

மறுநாள் காலையில் அம்மா சட்டம் போட்டாள். பாட்டில் மூடப்பட்டது. சோறு பாதி. சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடை. சுகர் டாக்டரும் அதே நாளில் மாத்திரையின் அளவைக் கூட்டினார். நான் என் பங்குக்கு, ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம் என்றேன்.

"முந்திரிய மென்னு துப்பச் சொல்லுதா உன் மவ," என்று அப்பா அம்மாவிடம் முறையிட்டார்.

"ஏன், வெத்தலையத் துப்பலையா? அதுக்கு மட்டும் வாய் கூசலையா?"

வெற்றிலையும் முந்திரியும் ஒன்றா என்று அவர் கேட்டார். அடுத்த நாளிலிருந்து அப்பா ஒரு எவர்சில்வர் தம்ளரை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று துப்பினார். அந்த நேரத்தில் மாஸ்டர் முந்திரிச் சாக்கை நகர்த்திவைக்கப் போய்விடுவார். தினமும் அந்தச் சாக்கு நகர்ந்தது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், ஒவ்வொன்றாக மாற்றினால்தான் எது வேலை செய்கிறது என்று தெரியும் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"நான் என்ன உன் இறால் சாம்பிளா?" என்றார் அப்பா. "எனக்குக் கண்ணு தெரியணும். காரணம் தெரிய வேண்டாம்."

எண் இறங்கியது. கொடுத்த நாளில் ஆபரேஷன் நடந்தது.

டாக்டர் அனுமதித்த பிறகு அப்பா கறுப்புக் கண்ணாடியோடு கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். அடுப்பின் பக்கத்தில் போக வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் மாஸ்டர் தட்டைப் பாதி வெளியே இழுத்துக் காட்டினார். கண்ணாடியைக் கழற்றி அப்பா பார்த்தார். "எடு" வரவில்லை.

"என்ன வே, இவ்வளவு வெளுப்பா இருக்கு?"

"எப்பவும் இந்த நிறத்துலதான் எடுக்கோம் அண்ணாச்சி."

"யாரு எடுக்கச் சொன்னா?"

"நீங்கதான்."

"உள்ள தள்ளும்," என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. முற்றிய புரை வழியாகப் பார்த்தால் வெள்ளை மஞ்சளாகத் தெரியும். அப்பா வேகாத தட்டை வெந்தது என்று நினைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். கண்ணுக்கு நிறம் சரி, வாய்க்குப் பிசுபிசுப்பு. அந்த முரண்பாட்டைத் தீர்க்க ஒன்றுக்கு மூன்றாக ருசி பார்த்திருக்கிறார். ருசி பார்த்ததில் சுகர் ஏறியிருக்கிறது. சுகர் ஏறியதால் கண் ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கிறது. காற்றின் ஈரத்துக்கு இதில் பங்கு இருந்ததா என்றுகூட இப்போது சொல்ல முடியவில்லை.

இதை அப்பாவிடமும் மாஸ்டரிடமும் அங்கேயே நின்று விளக்கினேன். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள்.

"அப்பம் கத்தாழ மேல தப்பு இல்லையா?" என்றார் அப்பா.

"அந்த முதல் வாரம் எண் நல்லா இருந்துச்சே," என்றேன்.

"அது நம்ம அடுப்புல பூச்சு வேல நடந்த வாரம்லா. தட்டே போடலையே," என்றார் மாஸ்டர்.

"அது அடுத்த வாரம் வே," என்றார் அப்பா.

"இல்ல அண்ணாச்சி, அந்த வாரம்தான்."

இரண்டு பேரும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. மாஸ்டர் சொல்வது சரியென்றால், அந்த வாரம் அப்பா ருசியே பார்க்கவில்லை, பாகு எதையும் குறைக்கவில்லை. அப்பா சொல்வது சரியென்றால், கொஞ்சம் குறைத்திருக்கலாம். இதற்கிடையில் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு கூடியிருக்கிறது. மூன்று கரண்டியினாலா, முந்திரியினாலா, அது முன்பிருந்தே அப்படித்தானா என்று தெரியாது. முன்பு யாரும் பார்த்ததில்லை.

இப்போதைய நிலவரம் இது. அப்பாவின் வலது கண் நன்றாகத் தெரிகிறது. தட்டுகள் முன்பைவிடத் தாமதமாக வெளியே வருகின்றன, மக்ரூன் பல்லில் ஒட்டுவதில்லை. அப்பா தட்டுக்கு ஒன்றுதான் ருசி பார்க்கிறார். நான் இருந்தால் துப்புகிறார். இல்லாதபோது என்ன செய்கிறார் என்று மாஸ்டர் சொல்ல மாட்டார். இடது கண்ணுக்கு நாள் கேட்டிருக்கிறோம், அதற்கும் சுகர் ரிப்போர்ட் கேட்டிருக்கிறார்கள். காப்பியில் எதுவும் போடுவதில்லை. கற்றாழைப் பாகு பாட்டிலில் பாதி இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில், தோசை மாவுக்குப் பின்னால்.